நடேசன் அண்ணன் கையும் ஊமைக் கித்தாரும்

மீட்டரைக் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள், தம்பிகளா. அது எங்கேயும் ஓடிவிடாது. ஓய்வு பெற்ற கிழவன் அடிக்கடி கடைக்கு வந்து ஒரு ஸ்டூலை அடைத்துக்கொண்டு உட்காருவது உங்களுக்கு எரிச்சல்தான், தெரியும். ஆனால் போன வாரம் நீங்கள் செய்த காரியத்தைப் பார்த்த பிறகு வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கிறவர் ஒருவர் தன் எலெக்ட்ரிக் கித்தாரைக் கொண்டுவந்தார். தந்தியின் அதிர்வை ஒயருக்கு ஏற்றுகிற கம்பெனி பிக்கப் பிடிக்காமல், தனக்கு வேண்டிய மாதிரி வேறு பிக்கப் சுற்றவைத்து, வயரிங்கையும் மாற்றிப் போட்டுக்கொண்ட கித்தார். மேடை ஏறினால் சத்தம் போய்விடுகிறது என்றார். நீங்கள் பிக்கப்பை மாற்றினீர்கள், வால்யூம் கன்ட்ரோலை மாற்றினீர்கள், ஒயரை மாற்றினீர்கள். மேஜைமேல் வைத்துத் தட்டினால் கணீரென்று பேசியது. மேடைக்குப் போனதும் மறுபடி ஊமை. அவர் திரும்பி வந்தபோது உங்களில் ஒருவர், பெயர் சொல்லமாட்டேன், இப்போது தரையைப் பார்க்கிறாரே அவர்தான், சொன்னார்: "கித்தார்ல ஒண்ணுமில்ல சார். வாசிக்கிற கைதான் சரியில்ல."

இந்த வார்த்தையை நான் முதலில் கேட்டபோது உங்களில் யாருமே பிறக்கவில்லை. அன்றைக்கும் அதைச் சொன்னவர்கள் நம் தொழில்காரர்கள்தான். இத்தனை வருஷத்தில் வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது, கரி பஸ் போய் டீசல் பஸ் வந்துவிட்டது, இந்தச் சோம்பேறித்தனம் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் கித்தாரில் என்ன கோளாறு என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது. நான் இன்னும் அவர் வாசிக்கிற மேடையைப் பார்க்கவில்லை. நீங்களும் பார்க்கவில்லை. நான் தெரியாது என்கிறேன், நீங்கள் அவர் கையைக் குற்றம் சொல்கிறீர்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

நாற்பதுகளின் கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். அரியலூர் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு மைக்செட் கடை. வாடகைக்கு மைக், குழாய் ஸ்பீக்கர் கொடுப்பது, ரேடியோ ரிப்பேர், கிராமபோன் ரிப்பேர். அங்கே நான் வேலையாள். என் முதலாளிக்கு இரண்டு காரியம் நன்றாக வரும். ஒன்று பேசுவது, மற்றது தான் பேசுவதைத் தானே கேட்டு ரசிப்பது. வாயில் எப்போதும் ஒரு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டிருப்பார். அதை வெளியே எடுத்தால் பேச்சு ஆரம்பமாகிறது என்று அர்த்தம். அது எந்த இடத்து ஸ்க்ரூ என்று மட்டும் அவருக்கு நினைவிருக்காது. சத்தம் போனால் "வால்வு போச்சு" என்பார். சத்தம் வந்தால் "நான் சரி பண்ணிட்டேன்" என்பார். நடுவில் நடந்தது எதுவும் அவர் கணக்கில் வராது.

பெரம்பலூரில் துறையூர் ரோட்டோரமாக ஒரு நாடகக் கம்பெனி கீற்றுக் கொட்டகை போட்டிருந்தது. எங்கள் மைக்செட்தான் வாடகைக்குப் போயிற்று. அந்தக் கம்பெனியில் வாசித்தவர்தான் நடேசன் அண்ணன், ஆண்டிமடத்துப் பக்கத்துக்காரர். முதலில் அவர் பிடில் வாசித்தவர். மழைக்காலத்தில் கம்பெனிக்கு நாடகம் இருக்காது. அந்த மாதிரி ஒரு மழைக்காலத்தில் வயிற்றுப்பாட்டுக்காகக் கடலை உடைக்கிற மிஷினில் வேலைக்குப் போனார். மிஷின் அவருடைய இடது கையை இழுத்துக்கொண்டது. கை பிழைத்தது, ஆனால் விரல்கள் மரம்போல விறைத்துப் போயின. பிடில் தந்தியை அழுத்த விரல் மடங்க வேண்டுமே. பிடில் அத்தோடு போயிற்று.

வேறு யாராவதாக இருந்தால் சங்கீதத்தையே விட்டிருப்பார்கள். இவர் எங்கேயோ பார்த்து ஒரு கித்தாரைத் தேடிப் பிடித்தார். மார்பில் அணைத்து வாசிப்பது இல்லை. மடியில் மல்லாக்கக் கிடத்தி, இடது கையில் ஓர் இரும்புத் தண்டைப் பிடித்துத் தந்திமேல் வழுக்கிக்கொண்டே போகிற வகை. தண்டைப் பிடிக்க விரல் மடங்க வேண்டியதில்லை, விறைப்பே போதும். அந்தக் கைக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே வாத்தியம் அது. நானே கேட்டிருக்கிறேன், அழுகைப் பாட்டுக்கு அவர் தண்டை இழுத்தால் பாடுகிறவரே பாட்டை விட்டுவிட்டுக் கேட்பார்.

ஆனால் சத்தம் போதாது. கொட்டகையில் முன்வரிசைக்காரன் வெற்றிலை மெல்லுகிற சத்தமே அதைவிடப் பெரிதாகக் கேட்கும். நாடகக் கம்பெனியை நடத்தியவரை எல்லோரும் வாத்தியார் என்பார்கள். அவர் எங்கள் கடைக்கு வந்து, கித்தார் சத்தம் குழாயில் வர ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். முதலாளி வாயிலிருந்து ஸ்க்ரூவை எடுத்தார்.

அவர் செய்தது இதுதான். மின்சாரக் கிராமபோனில் ஊசி மாட்டுகிற தலை இருக்கிறதல்லவா, அதற்குள் ஒரு படிகச் சில்லு இருக்கும். அதிர்ந்தால் துளியூண்டு மின்சாரம் கொடுக்கும். அதைப் பிரித்தெடுத்து ஒரு கறுப்புப் பெட்டிக்குள் பொருத்தி, கித்தாரில் தந்திகளைத் தாங்குகிற குதிரைக்கட்டைக்குப் பக்கத்தில் பதித்தார். பெட்டியின் மேலே இரண்டு பித்தளைத் திருகுகள். அவற்றிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர். யோசனை நல்ல யோசனை, இல்லை என்று சொல்லமாட்டேன். பெட்டிக்கு மேல்மூடி ஒன்று நான் வெட்டிக் கொடுத்தேன். வேண்டாம் என்றார். மூடினால் அவர் செய்த வேலை யார் கண்ணிலும் படாதாம். திருகுகளைத் துடைத்துப் பளபளவென்று வைத்து அப்படியே விட்டார்.

கடையில் அது பிரமாதமாகப் பேசியது. ரயிலடியில் நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். முதலாளி அன்று முழுவதும் ஸ்க்ரூவை வாயில் வைக்கவே இல்லை. பெரம்பலூரில் முதல் நாடகம். நடேசன் அண்ணன் தண்டை இழுத்தார். குழாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. கூட்டம் சீட்டியடித்தது. மறுநாள் காலையில் நான் அதே கித்தாரை, அதே ஒயரில், அதே ஆம்ப்ளிஃபயரில் மாட்டித் தட்டினேன். கொட்டகை அதிர்ந்தது. அன்று சாயங்காலம் மறுபடி ஊமை. மறுநாள் காலையில் மறுபடி கணீர்.

இப்படி ஒரு கோளாறு வந்தால்தான் ஒரு மெக்கானிக்கின் லட்சணம் தெரியும். என் முதலாளி வால்வை மாற்றினார். சரியாகவில்லை. நல்ல வால்வை எடுத்துவிட்டு வேறு நல்ல வால்வைப் போட்டார், அவ்வளவுதான் நடந்தது. பிறகு பேட்டரியை மாற்றினார். பிறகு எர்த் சரியில்லை என்று மேடைக்குப் பின்னால் இரும்புக் கம்பியை அடித்து உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அந்தச் செம்மண்ணில் நானும் குடம் குடமாக ஊற்றினேன், ஒரு செடி நட்டிருந்தாலாவது வளர்ந்திருக்கும். அடுத்து திருச்சியிலிருந்து ஒரு நிபுணரை அழைத்துவந்தார். அவர் தோல் பையிலிருந்து மீட்டரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்தார். காலையில் வந்தார், காலையில் சோதித்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி, விருந்து சாப்பிட்டு, வெயில் தாழ்வதற்குள் பஸ் ஏறிவிட்டார். கோளாறு சாயங்காலத்தில் வருகிறது, சோதனை காலையில் நடக்கிறது. இது ஒரு ஆளுக்கும் உறைக்கவில்லை. சட்டென்று எனக்கும் உறைத்துவிடவில்லை.

கருவியில் ஒன்றுமில்லை என்று முடிவாகிவிட்டால் அப்புறம் யார் மிச்சம்? மனிதன்தான். முதலாளி முதலில் ஜாடையாகச் சொன்னார். பிறகு வெளிப்படையாகவே சொன்னார்: "நான் தட்டுனா பேசுது. என் ஆளு தட்டுனா பேசுது. திருச்சிக்காரரு தட்டுனா பேசுது. நடேசன் தொட்டா மட்டும் செத்துப்போவுது. நீங்களே யோசிச்சுக்குங்க வாத்தியாரே."

வாத்தியார் யோசித்தார். அவருடைய யோசனை எந்தத் திசையில் போகும் என்று முதலாளிக்கு நன்றாகத் தெரியும். அடிபட்ட கை, மிஷின் கடித்த கை, ராசியில்லாத கை. அன்றிலிருந்து கம்பெனியில் பேச்சு இதுதான். பெண் வேஷம் போடுகிறவர் தன் சலங்கையை அந்தக் கை எடுத்துக் கொடுத்தால் வாங்கமாட்டேன் என்றார். சமையல்காரர் அவர் எட்டி எடுப்பதற்கு முன்னால் தானே இலையில் போட்டுவிடுவார், மரியாதைக்காக இல்லை, கரண்டியை அவர் தொடக்கூடாது என்பதற்காக. வாத்தியார், தோஷம் நீங்கட்டும் என்று தினசரி பூஜையை இன்னும் விசேஷமாகச் செய்ய ஆரம்பித்தார். கித்தார் இன்னும் விசேஷமாகச் செத்தது.

கடைசியில் வாத்தியார் கும்பகோணத்திலிருந்து ஒரு ஆர்மோனியக்காரரை வரவழைக்க ஆள் அனுப்பிவிட்டார். இன்னும் ஒரு நாடகம்தான், அதோடு நடேசன் போகலாம் என்றார். கொட்டகைக்குப் பின்னால் நான் டைனமோவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது நடேசன் அண்ணன் வந்து நின்றார்.

"தம்பி, அந்தப் பொட்டிய மட்டும் கழட்டிக் குடுத்துடு. அது உங்க சாமான்."

"நீங்க எங்க அண்ணே போவீங்க?"

"எங்க போறது? ஊருக்குத்தான். கடலை மிஷின்காரன் வரச் சொல்லியிருக்கான். இன்னொரு கை இருக்குல்ல, அதையும் அதுக்குள்ள விட்டுட்டா நிம்மதி." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் பரிதாபம் என்று நினைக்காதீர்கள், நான் அவ்வளவு நல்லவன் இல்லை. காலையில் பேசுகிற சில்லு சாயங்காலம் ஏன் பேசவில்லை என்று ஒரு ஆளாலும் சொல்ல முடியவில்லை, அந்த லட்சணத்தில் ஒரு மனிதனுடைய கைமேல் பழியைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறார்களே என்று கோபம். சில்லுக்கு ராசியும் தெரியாது, ஜாதகமும் தெரியாது. காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் அந்தக் கித்தாருக்கு என்னவோ நடக்கிறது. அதை யாரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை, ஏனென்றால் நாடகம் தொடங்குவதற்கு முன்னால் பூஜை நடக்கும் நேரத்தில் நான் எப்போதும் பின்னால் டைனமோ என்ஜினைச் சுற்றிக் கிளப்பிக்கொண்டிருப்பேன்.

அன்று கித்தாரை நான் கழற்றவில்லை, ஸ்க்ரூ டிரைவரைக் கையில்கூட எடுக்கவில்லை. மத்தியானத்திலிருந்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். என்ஜினைக் கிளப்ப வேறு ஆளை ஏற்பாடு செய்தேன். "என்னாப்பா, அடைகாக்குறியா?" என்று முதலாளி கேலி செய்தார். ஆமாம் என்றேன். மணிக்கொரு தரம் ஒயரை மாட்டித் தட்டிப் பார்த்தேன். வெயிலில் பேசியது, வெயில் தாழ்ந்தும் பேசியது. நடேசன் அண்ணன் வந்து சுருதி சேர்த்தார். அவர் கை பட்டும் பேசியது. அந்த நேரத்திலேயே என் மனசில் அவர் கைக்கு விடுதலை கொடுத்துவிட்டேன். ஆனால் அதை என்னைத் தவிர யாரும் காதில் வாங்கவில்லை, அவர் மனசு ஏற்கெனவே ஊருக்குப் போய்விட்டது, மற்றவர்கள் முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார்கள்.

பொழுது சாயும்போது பூஜை. நாடகக்காரர்கள் பூஜையை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். திரைக்குப் பின்னால் சாமி படம், அதற்கு முன்னால் எல்லா வாத்தியங்களும் வரிசையாக. மிருதங்கம், ஜால்ரா, சலங்கை, கித்தார். வாத்தியார் கற்பூரம் காட்டிவிட்டு, கிண்ணத்தில் குழைத்த சந்தனத்தை எடுத்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். மிருதங்கத்துக்குப் பக்கவாட்டில், சலங்கைக்குப் பட்டையில். கித்தாரிடம் வந்தார்.

கித்தார் மல்லாக்கக் கிடக்கிறது. அதில் பொட்டு வைக்க எது நெற்றி? யாராக இருந்தாலும் ஒரே இடத்தில்தான் வைப்பார்கள். கறுப்புப் பெட்டி, அதில் இரண்டு கண்கள்போலப் பளபளக்கிற பித்தளைத் திருகுகள், அவற்றுக்கு நடுவே சமமான இடம். வாத்தியார் பயபக்தியோடு குனிந்து, அங்கே, இரண்டு திருகுகளுக்கும் நட்டநடுவில், சொதசொதவென்று ஒரு பெரிய சந்தனப் பொட்டு வைத்தார். தோஷமுள்ள வாத்தியம் என்பதால் மற்றவற்றுக்கு வைத்ததைவிடத் தாராளமாகவே வைத்தார். அது வழிந்து இரண்டு திருகையும் தொட்டது. அதன்மேல் குங்குமம், அதன்மேல் தீர்த்தம்.

உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் உங்களை நம்ப முடியாது. சில்லு கொடுக்கிற மின்சாரம் துளியூண்டு. இரண்டு முனைக்கும் நடுவில் ஈரம் பட்டால் அது ஒயருக்குள் ஏறாது, ஈரத்துக்குள்ளேயே கரைந்து முடிந்துவிடும். குழாய்க்கு ஒன்றும் வராது. விடிவதற்குள் சந்தனம் காய்ந்துவிடும். காய்ந்ததையும் நடேசன் அண்ணன் காலையில் எழுந்ததும் சுத்தமான துணியால் துடைத்துவிடுவார். வாத்தியத்தை அப்படிப் பேணுகிறவர் அவர். அதற்குப் பிறகுதான் மேதைகளெல்லாம் மீட்டரோடு வருவார்கள்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். சந்தனம் வைத்ததை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். நாடகம் தொடங்க இன்னும் நேரமிருக்கிறது. என் இடுப்பில் துணி இருக்கிறது. குனிந்து ஒரு துடை துடைத்தால் அன்றைக்குக் கித்தார் பேசும். நீங்களாக இருந்தால் துடைத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். துடைத்துவிட்டு நல்லவன் என்ற பெயரோடு போயிருப்பீர்கள். நான் துடைக்கவில்லை.

துடைத்தால் என்ன ஆகும்? அன்றைக்கு மட்டும் பேசும். ஆர்மோனியக்காரர் வரப்போகிறார் என்றதும் தோஷம் விலகிவிட்டது என்பார்கள். அடுத்த ஊரில் துடைக்க நான் இருக்கமாட்டேன், மறுபடி ஊமையாகும், பழைய பழி இரண்டு மடங்காகத் திரும்பி வரும். அரிதாரத்தோடு அவசரத்தில் நிற்கிற கூட்டத்திடம் 'சாமி சந்தனம்தான் கோளாறு' என்று சொன்னால் கேட்பார்களா? என்னைத்தான் முதலில் வெளியே தூக்கிப் போடுவார்கள். வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்க, அவர் கை தொடாமலே கித்தார் சாக வேண்டும். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது என்று முடிவு செய்தேன். அன்று அவர் தண்டை இழுத்ததும் சத்தம் வராமல் போனதையும், முன்வரிசையிலிருந்து ஒருவன் வேர்க்கடலைத் தொலியை அவர்மேல் எறிந்ததையும், அவர் கித்தாரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கொடுமையாக இருந்தது. இன்றைக்கு நடந்தாலும் அதையேதான் செய்வேன்.

மறுநாள் காலை நடேசன் அண்ணன் கித்தாரை வழக்கம்போலத் துடைத்து, மூட்டை கட்டிக்கொண்டு கரி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். கையைப் பிடித்து இழுத்துவந்து கொட்டகையின் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தேன். "கை ரெண்டையும் பின்னால கட்டிக்குங்க, எதையும் தொடாதீங்க" என்றேன். கித்தாரை மேடையில் கிடத்தி ஒயரை மாட்டிவிட்டு வாத்தியாரை அழைத்தேன். கம்பெனி முழுவதும் வேடிக்கை பார்க்க வந்தது. வாடகைச் சாமான்களை எண்ணிப் பார்க்க வந்திருந்த என் முதலாளியும் வந்தார்.

"வாத்தியாரய்யா, நீங்களே மீட்டுங்க" என்றேன்.

"எனக்குத் தெரியாதுய்யா."

"சும்மா ஒரு தட்டுத் தட்டுங்க, போதும்."

தட்டினார். குழாய் அலறியது. கூரையிலிருந்த காக்கைகள் பறந்தன.

"பாருங்க, நடேசன் தொடல, பேசுது. இதத்தான் நான் சொன்னேன்" என்றார் முதலாளி. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"கொஞ்சம் இருங்க மொதலாளி" என்றேன். "வாத்தியாரய்யா, எப்பவும் பூஜைக்கு வைக்கிற மாதிரி அதுக்கு ஒரு பொட்டு வைங்க."

"இப்ப எதுக்கு பூஜை?"

"சும்மா வைங்க. நல்ல காரியம்தானே."

சந்தனக் கிண்ணம் வந்தது. அவர் வழக்கம்போலவே குனிந்து, வழக்கமான இடத்தில், வழக்கமான தாராளத்தோடு வைத்தார்.

"இப்ப தட்டுங்க."

தட்டினார். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினார். ஓங்கித் தட்டினார். தந்தி துடிக்கிறது, குழாய் வாயே திறக்கவில்லை. அந்த மனிதர் மெதுவாகத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரே, அதற்காகவே எனக்கு அந்த மாதச் சம்பளம் வேண்டாம் என்று தோன்றிற்று. யார் கை ராசியில்லாத கை என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அடக்கம் எனக்குப் பழக்கமில்லாத காரியம், இருந்தாலும் அன்று அடக்கிக்கொண்டேன். காய்ந்த துணியால் துடைத்து, நன்றாக ஊதி, மறுபடி தட்டச் சொன்னேன். கொட்டகை அதிர்ந்தது.

"அப்ப சாமி சந்தனத்து மேலயா குத்தம் சொல்ற?" என்றார் வாத்தியார்.

"சாமிய நான் ஒண்ணும் சொல்லலீங்க. தண்ணியத்தான் சொல்றேன். பொட்ட முறுக்காணி இருக்கிற அந்தத் தலைக்கட்டையில வைங்க, எவ்வளவு வேணாலும் வைங்க. இந்த ரெண்டு திருகையும் நான் அரக்கு வெச்சு மூடிடறேன்."

அதற்குள் முதலாளி முன்னால் வந்துவிட்டார். "ஈரம் படக்கூடாது, மூடி போடணும்னு நான் அப்பவே இவன்கிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன் வாத்தியாரே. கேட்டாத்தானே" என்றார். சொல்லும்போது கண்கூட இமைக்கவில்லை. இந்த மாதிரி ஆட்களை உங்கள் வாழ்க்கையில் நிறையப் பார்ப்பீர்கள். அவர்களோடு வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். வேலை செய்கிற சாமான் உங்கள் பக்கம் இருக்கிறது, அவர்கள் பக்கம் வாய் மட்டும்தான் இருக்கிறது.

ஆர்மோனியக்காரருக்கு வரவேண்டாம் என்று ஆள் போயிற்று. வாத்தியார் கடைசி பெஞ்சைப் பார்த்து, "நடேசா, நீ இரு" என்றார். அவ்வளவுதான். 'நான் சொன்னது தப்பு' என்று சொல்ல அந்தக் கம்பெனியில் யாருக்கும் வசனம் எழுதிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. சலங்கைக்காரர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். சமையல்காரர் சாப்பாடு ஆறுகிறது என்றார். எல்லோரும் கலகலவென்று பேசிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்கள். இத்தனை நாள் ஒரு மனிதனைக் கரண்டி தொடவிடாமல் வைத்திருந்தோம் என்ற நினைப்பு ஒரு முகத்திலாவது தெரிகிறதா என்று தேடினேன். இல்லை.

நான் அரக்குக் குச்சியையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்தேன். நடேசன் அண்ணன் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. அவிழ்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம், நானும்தான். கூப்பிட்டேன். எழுந்து வந்தார்.

"தம்பி, இன்னொருவாட்டி செஞ்சு காட்டுறியா?"

"நீங்க பார்த்தீங்கல்ல அண்ணே?"

"பார்த்தேன். அப்ப எல்லாரும் இருந்தாங்க. எனக்கு மட்டும் ஒருவாட்டி காட்டு."

சந்தனத்தை வைத்தேன். அவரே தட்டினார். ஊமை. துடைத்து ஊதினேன். அவரே தட்டினார். பேசியது. அவர் கித்தாரைப் பார்க்கவில்லை, குழாயைப் பார்க்கவில்லை. விறைத்த விரல்களைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானே நம்பிட்டேன் தம்பி" என்றார். "அவங்க சொன்னதக்கூட விடு. எனக்கே இதப் பார்க்கப் புடிக்கல. என் சின்ன மகளத் தூக்குறப்பகூட இந்தக் கை அவ மேல படாமத் தூக்கிட்டு வந்தேன், போன தடவ வூட்டுக்குப் போயிருந்தப்ப."

அரக்கு விளக்கைப் பற்றவைக்கப் போனேன்.

"இரு தம்பி" என்றார். "இன்னொருவாட்டி."

கிண்ணத்தில் சந்தனம் காய்ந்திருந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்தேன். வைத்தேன், அவர் தட்டினார், துடைத்தேன், அவர் தட்டினார். பிறகு மறுபடியும். வெளியே கரி பஸ் புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது. சாப்பிட வரச் சொல்லி யாரோ கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் போதும் என்று சொல்லும் வரைக்கும் நான் அரக்கை உருக்கவில்லை.